காலியாகாத நாற்காலி

என் மனைவி இறந்துபோனாள் என்பதை ஊரில் எல்லோரும் ஒரே நாளில் ஏற்றுக்கொண்டார்கள். பால்காரர் மறுநாள் காலையிலேயே ஒரு பாக்கெட்டைக் குறைத்துவிட்டார். அவள் வழக்கமாகச் சண்டை போடும் குப்பை வண்டிக்காரர் வாசலில் வண்டியை நிறுத்தி, ஹாரன் அடிக்காமல், சற்று நேரம் நின்றுவிட்டுப் போனார். நகர மன்றம் மட்டும் அவசரப்படவில்லை. ஒரு உறுப்பினர் இறந்துவிட்டார் என்று சொல்வதற்கு முன்னால் நாலு பக்கமும் யோசிக்க வேண்டும் என்பது அதன் கருத்து.

அவள் மன்ற உறுப்பினர். நான் மூக்குக் கண்ணாடிக் கடைக்காரன். எங்கள் வீட்டில் பேசும் பொறுப்பு முழுவதும் அவளிடம் இருந்தது. தலையாட்டும் பொறுப்பு என்னுடையது. "நீங்க தலையாட்டறதுக்குன்னே பொறந்தவரு" என்பாள். அதற்கும் தலையாட்டுவேன். வாடிக்கையாளர் ஒருவர் நான் போட்ட பவர் தப்பு என்றால்கூட "இருக்கும்" என்று சொல்கிற ஆள் நான். என்னோடு அவள் இத்தனை வருடம் எப்படிக் குப்பை கொட்டினாள் என்று எனக்கே ஆச்சரியம்தான்.

எங்கள் மன்றத்துக்கு ஒரு பெருமை உண்டு. அங்கே வாக்கெடுப்பு கிடையாது. வாக்கெடுப்பு வைத்தால் ஜெயித்தவர், தோற்றவர் என்று இரண்டு பேர் உருவாகி, டீ குடிக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள் என்று அதை ஆரம்பித்த பெரியவர்கள் பயந்திருக்கிறார்கள். அதனால் தலைவர் தீர்மானத்தை வாசிப்பார். வாசித்ததும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, "ஆட்சேபணை உண்டா?" என்று கேட்டுவிட்டு, அதைத் துடைக்கத் தொடங்குவார். துடைத்து மறுபடி மாட்டுவதற்குள் எந்த இருக்கையிலிருந்தும் கை உயராவிட்டால் தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. ஒரே ஒரு கை உயர்ந்துவிட்டாலும் விஷயம் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிப்போகும். அங்கே மறுபடி கை உயர்ந்தால் மறுபடி தள்ளிப்போகும்.

அந்தக் கண்ணாடி என் கடையில் வாங்கியது. இதைச் சொல்லி அவள் என்னை வறுத்தெடுப்பாள்.

"நல்லா அழுக்குப் புடிக்கிற கண்ணாடியா குடுத்திருக்கக் கூடாதா? ரெண்டே தேய்ல மாட்டிடறாரு. நான் கையத் தூக்கறதுக்குள்ள கை சுளுக்கிக்குது."

மன்றத்தில் அவளுக்கு 'ஆட்சேபணை அம்மா' என்று பெயர். அவளுடைய ஆட்சேபணைகளில் நீண்ட காலம் ஓடியது கழிப்பறை விவகாரம். காய்கறிச் சந்தைக்குப் பின்னால் பெண்களுக்கென்று ஒரு கழிப்பறை இருக்கிறது. சந்தையில் விடியற்காலையிலிருந்து இருட்டும்வரை உட்கார்ந்திருக்கும் பெண்களுக்கு அதை விட்டால் வேறு இடம் இல்லை. அதற்குக் கதவும் தாழ்ப்பாளும் வாங்கிக்கொடுத்தவள் என் மனைவி. அதை இடித்துவிட்டு அந்த இடத்தில் வண்ண விளக்கு போட்ட நீரூற்று அமைக்க வேண்டும் என்பது தலைவரின் கனவு. பக்கத்து ஊரில் அப்படி ஒன்று இருந்தது. நமக்கு ஏன் இல்லை என்ற கேள்வி அவரைத் தூங்கவிடவில்லை. ஒவ்வொரு கூட்டத்திலும் நீரூற்று வரும். ஒவ்வொரு கூட்டத்திலும் அவள் கை உயரும்.

பிறகு அவளுக்கு உடம்புக்கு முடியாமல் போயிற்று. அதைப் பற்றி எழுத இங்கே எதுவும் இல்லை.

இரங்கல் கூட்டத்துக்கு என்னைக் கூப்பிட்டார்கள். மகள் வெளியூரில் வேலையிலிருந்து இரண்டு வாரம் விடுப்பு எடுத்து வந்திருந்தாள். இருவரும் போனோம். மன்றத்தில் என் மனைவியின் நாற்காலியில் ஒரு பூச்செண்டை வைத்திருந்தார்கள். தலைவர் எழுந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு பேசினார்.

"அம்மா இருந்தவரைக்கும் இந்த மன்றத்துல ஒரு காரியமும் சுலபமா நடந்ததில்ல. இன்னிக்கி எல்லாமே சுலபமா நடக்கப் போகுது. அத நெனச்சா நெஞ்சு கனக்குது. அவங்க எழுந்திருக்கும்போதெல்லாம் நான் கோபப்பட்டிருக்கேன். இனிமே அந்தக் கோபத்த யார்கிட்ட போய்ப் படுவேன்? அவங்க நம்மள விட்டு எங்கயும் போகல. இந்த நாற்காலியிலதான் இருக்காங்க. என்னிக்கும் இருப்பாங்க!"

எல்லோரும் கைதட்டினார்கள். துக்கக் கூட்டம் என்பது பாதியில் நினைவுக்கு வந்து நிறுத்திக்கொண்டார்கள். மகள் என் காதில், "பேச்சு உருக்கமா இருந்துச்சுல்ல?" என்றாள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. கடைசி இரண்டு வாக்கியங்களை அவர் உவமையாகச் சொல்லவில்லை என்பது எங்களுக்கு அப்போது தெரியாது.

தெரிவித்தவர் வெங்காயக்காரம்மா. சந்தையில் வெங்காயம் விற்பவர், என் மனைவிக்கு உற்ற தோழி. இரண்டு மாதம் கழித்து ஒரு நாள் மத்தியானம் கடைக்குள் வேகமாக வந்து, வாடிக்கையாளர்கள் உட்காரும் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"அண்ணே, சந்தையோட பின்கேட்டப் பூட்டிட்டாங்க. இனிமே கக்கூஸுக்குப் போகணும்னா முன்னால வந்து, ரோட்டச் சுத்திப் போகணும். போய்ட்டு வரதுக்குள்ள பாதி வெங்காயத்த மாடு தின்னுடுது."

"அநியாயமா இருக்கே" என்றேன். நான் அதிகபட்சமாகச் சொல்லக்கூடியது அதுதான்.

"அது கெடக்கட்டும். அக்கா எப்படிண்ணே இதுக்கு ஒத்துக்கிட்டாங்க?"

"எந்த அக்கா?"

"உங்க வீட்டு அக்காதான். நோட்டீஸ் போர்டுல போட்டிருக்கு. எல்லா உறுப்பினரும் வந்திருந்தாங்க, எல்லாரும் ஒருமனதா சம்மதம்னு. கீழ பேரு இருக்கு. அக்கா பேரும் இருக்கு."

கடையைச் சாத்திவிட்டுப் போய்ப் பார்த்தேன். இருந்தது. அவள் பெயர், முழுசாக, தலைப்பெழுத்தோடு. வந்திருந்தாள். சம்மதித்திருந்தாள். அவள் உயிரோடு இருந்த காலத்தில் எதற்கும் இவ்வளவு சுலபமாகச் சம்மதித்ததில்லை.

மன்றச் செயலாளர் நல்ல மனிதர். எதையும் மெதுவாகவும் மரியாதையாகவும் செய்பவர். அவருடைய மேசைக்கு எதிரில் என்னை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார். நான் இறப்புச் சான்றிதழை நீட்டினேன். அவர் அதை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, துக்கத்தோடு திருப்பிக் கொடுத்தார்.

"சார், இது செல்லாது."

"ஏங்க? சீல் எல்லாம் இருக்கே."

"சான்றிதழ் சரியாத்தான் இருக்கு. ஆனா இதுல அம்மா இறந்துட்டாங்கன்னுதான் இருக்கு. இருக்கை காலியாயிடுச்சுன்னு இல்லையே. இறந்தது அவங்க. இருக்கை இறக்கலையே, சார்."

"அவங்க கூட்டத்துக்கு வந்ததா எழுதியிருக்கீங்க."

"நானா எழுத முடியுமா? நான் கேட்டுத்தான் எழுதறேன். ஒவ்வொரு கூட்டத்துலயும் ஆரம்பிக்கறப்ப, 'வராதவங்க யாராச்சும் இருக்கீங்களா? இருந்தா கைதூக்குங்க'ன்னு கேப்பேன். யாரும் தூக்கலைன்னா எல்லாரும் வந்திருக்காங்கன்னு அர்த்தம். அம்மா தூக்கல."

"எப்படிங்க தூக்குவாங்க?"

"அது அவங்க சௌகரியம் சார். அதுல நான் தலையிட முடியாது."

நான் தலையாட்டிவிட்டேன். பழக்கம். வெளியே வந்து படியிறங்கும்போதுதான் எதற்குத் தலையாட்டினோம் என்று உறைத்தது. திரும்ப மேலே போனேன். சரி, இருக்கையைக் காலி என்று அறிவிக்க என்ன வழி என்று கேட்டேன். உறுப்பினர் நேரில் வந்து ராஜினாமா செய்யலாம் என்றார். அது முடியாதென்றால், காலியென்று மன்றமே தீர்மானம் போடலாம். அதற்கு யாரும் ஆட்சேபிக்கக் கூடாது. அதன் பிறகு மன்றம் தகுதியுள்ள ஒருவரை அந்த இருக்கைக்கு நியமிக்கும்.

"அப்போ தீர்மானம் போட்டுடலாமே?"

செயலாளர் குரலைத் தாழ்த்தினார். "போடலாம் சார். ஆனா காலின்னு சொன்ன உடனே யாரையாச்சும் உக்கார வைக்கணும். தலைவர் அவரு மச்சானை உக்கார வைக்கணும்ங்கறாரு. துணைத்தலைவர் அவரு சம்பந்திய உக்கார வைக்கணும்ங்கறாரு. மச்சான் பேரு வந்தா இவரு கை தூக்குவாரு. சம்பந்தி பேரு வந்தா அவரு கை தூக்குவாரு. இப்ப அம்மா இருக்கறதுல ரெண்டு பேருக்கும் வருத்தம் இல்ல. எல்லாருக்கும் பொதுவானவங்களா இருக்காங்க."

நான் ஒரு மனு எழுதிக் கொடுத்தேன். என் மனைவி இறந்துவிட்டாள், அவளை இறந்தவளாக ஏற்று, நிம்மதியாக இருக்கவிட வேண்டும் என்று தாழ்மையுடன் கேட்டுக்கொண்டேன். செயலாளர் வாசித்துவிட்டு, "நடை நல்லா இருக்கு சார்" என்று சொல்லி மேசை இழுப்பறைக்குள் வைத்தார்.

வெங்காயக்காரம்மா இதையெல்லாம் கேட்டுவிட்டு, "அப்ப அந்த எடத்துக்கு நானும் கேட்டுப் பாக்கலாமாண்ணே?" என்றார்.

"நீங்களா?"

"ஏன், அக்கா என்ன செஞ்சாங்க? கையத் தூக்கினாங்க. எனக்குக் கையில்லையா? தராசு தூக்கித் தூக்கி அக்கா கையவிட நல்லா உரமாத்தான் இருக்கு."

இருக்கை காலியாவதற்கு முன்னாலேயே ஆளைத் தேர்ந்து வைத்துக்கொள்வதற்காக மன்றம் ஒரு தேர்வுக் குழு அமைத்தது. அதன் தலைவர் தலைவரே. துணைத்தலைவர் துணைத்தலைவரே. மூன்று பேர் விண்ணப்பித்திருந்தார்கள். வெங்காயக்காரம்மாவுக்குத் துணையாக நானும் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்தேன்.

முதலில் வந்தவர் தலைவரின் மச்சான். கல்யாண வீடுகளுக்கு நாற்காலி வாடகைக்கு விடுபவர். அந்த மண்டபத்தின் நாற்காலிகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துக்கொண்டே வந்து உட்கார்ந்தார்.

"உங்க தகுதிய சொல்லுங்க" என்றார் துணைத்தலைவர்.

"நாற்காலி விஷயத்துல எனக்குப் பல வருஷ அனுபவம் இருக்குங்க."

"ஒரு தீர்மானம் உங்களுக்குப் பிடிக்கலைன்னா என்ன செய்வீங்க?"

மச்சான் தலைவரைப் பார்த்தார். தலைவர் விட்டத்தைப் பார்த்தார். மச்சானும் விட்டத்தைப் பார்த்தார். அந்தப் பதில் தலைவருக்கு மிகவும் பிடித்திருந்தது.

அடுத்து துணைத்தலைவரின் சம்பந்தி. அவருக்குக் காது சுத்தமாகக் கேட்காது. இதைத் துணைத்தலைவரே எழுந்து அறிவித்தார். "தீர்மானத்த வாசிக்கிறதே இவருக்குக் கேக்காது. கேக்காத விஷயத்துல ஒருத்தர் ஆட்சேபிக்க முடியுமா? யோசிச்சுப் பாருங்க. இதவிட நிதானமான உறுப்பினர் நமக்குக் கிடைப்பாரா?" சம்பந்தி எல்லோரையும் பார்த்து மலர்ந்த முகத்தோடு, "கல்யாணம் நல்லபடியா நடந்துச்சு" என்றார்.

பிறகு வெங்காயக்காரம்மா.

"தீர்மானம் பிடிக்கலைன்னா என்னம்மா செய்வீங்க?"

"கையத் தூக்குவேன்."

"பிடிச்சிருந்தா?"

"பிடிக்கிற மாதிரி நீங்க எதாச்சும் கொண்டு வாங்க, அப்ப யோசிக்கலாம்."

குழு இரண்டு வாரம் ஆலோசித்தது. அடுத்த கூட்டத்தில் தலைவர் அறிக்கையை வாசித்தார். மூன்று விண்ணப்பதாரர்களையும் தற்போதைய உறுப்பினரோடு ஒப்பிட்டுப் பார்த்ததாகவும், பொறுமை, ஒழுங்கு, தவறாத வருகை, மன்றத்தின் நேரத்தை வீணாக்காமை ஆகிய எல்லாவற்றிலும் தற்போதைய உறுப்பினரே முன்னணியில் இருப்பதாகவும், எனவே இப்போதைக்கு அவரே தொடர்வது நகரத்தின் நலனுக்கு உகந்தது என்றும் அறிக்கை சொன்னது. ஆட்சேபணை உண்டா என்று கேட்டுக் கண்ணாடியைத் துடைத்தார். அவளும் ஆட்சேபிக்கவில்லை.

அந்த வருடத்தின் சிறந்த உறுப்பினர் விருதும் அவளுக்கே கிடைத்தது. சார்பாக வாங்கிக்கொள்ள என்னை மேடைக்குக் கூப்பிட்டார்கள்.

"ஆரம்பத்துல அம்மாகிட்ட சில குறைங்க இருந்துச்சு" என்றார் தலைவர், என் தோளில் கையைப் போட்டபடி. "மனுஷன்னா குறை இருக்கத்தான் செய்யும். ஆனா சமீப காலமா அவங்ககிட்ட ஒரு பெரிய மாற்றம். ஒரு பக்குவம். சின்ன வயசு உறுப்பினர்களுக்குச் சொல்றேன், அம்மாவப் பாத்துக் கத்துக்குங்க!"

கேடயம் நல்ல கனம். வீட்டுக்குக் கொண்டுவந்து, மகளுக்குப் போனில் சொன்னேன். 

"அத எங்கப்பா வைக்கப் போறீங்க?"

"உங்கம்மா படத்துப் பக்கத்துல வைக்கலாமான்னு..."

"வேணாம்பா. அம்மா படத்துலேர்ந்து எறங்கி வந்து அடிப்பாங்க."

அவள் சிரித்தாள். சிரிப்பு நடுவில் வேறு மாதிரி ஆகிவிட்டது. போனை வைத்துவிட்டாள். கேடயத்தைக் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டேன்.

அதற்கடுத்த கூட்டத்தில் நீரூற்று வருகிறது என்று செய்தி வந்தது. வெங்காயக்காரம்மாவும் சந்தைப் பெண்கள் சிலரும் என்னோடு வந்தார்கள். எல்லோரும் பார்வையாளர் பகுதியில் உட்கார்ந்தோம். உறுப்பினர்களுக்கும் எங்களுக்கும் நடுவில் இடுப்பளவு மரத் தடுப்பு ஒன்று உண்டு. அதைத் தாண்டி எங்கள் பக்கத்திலிருந்து எதுவும் போகக் கூடாது. பார்வையாளர் ஆட்சேபிக்க முடியுமா என்று செயலாளரிடம் முன்கூட்டியே கேட்டிருந்தேன். "முடியாது சார். பெருமூச்சு விடலாம். சத்தம் வராம" என்றார்.

தலைவர் நீரூற்றைப் பற்றி மனம் நெகிழ்ந்து பேசினார். தண்ணீர் மூன்று வண்ணத்தில் எழும்பி எழும்பி விழும் என்றார். ஏழை எளியவர்களும் இலவசமாக நின்று பார்க்கலாம் என்றார்.

"கக்கூஸுக்குத் தண்ணி இல்லைன்னு சொல்லிட்டு ஊத்துக்கு எங்கேருந்து வருமாம்?" என்று வெங்காயக்காரம்மா என்னிடம் கேட்டார். மன்றக் காவலர் உதட்டில் விரலை வைத்தார்.

"நல்ல விஷயம் என்னன்னா" என்று தலைவர் முடித்தார், "இத்தனை வருஷமா இதுக்கு ஆட்சேபணை சொல்லிக்கிட்டிருந்த நம்ம அம்மாவே இப்ப மனசு மாறி ஆதரிக்கிறாங்க. அவங்களுக்கு நன்றி சொல்லி, ஊத்துக்கு அவங்க பேரையே வைக்கலாம்னு இருக்கோம். ஆட்சேபணை உண்டா?"

கண்ணாடியைக் கழற்றினார்.

நான் அந்த நிமிடத்தில் வீரமாக எதையும் யோசித்ததாக ஞாபகம் இல்லை. அவள் பெயர் அந்தத் தண்ணீருக்கு மேலே மூன்று வண்ணத்தில் எரிவது மட்டும் கண்ணுக்குத் தெரிந்தது. சந்தைப் பெண்கள் அதைக் கடந்து, ரோட்டைச் சுற்றி, எங்கேயோ மறைவிடம் தேடிப் போவார்கள். போகும்போது அவளைத் திட்டுவார்கள். தடுப்பின் சின்னக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். அவளுடைய நாற்காலியில் உட்கார்ந்தேன். கையைத் தூக்கினேன்.  இன்னொரு கையால் அதைப் பிடித்துக்கொண்டேன்.

 தலைவர் துடைப்பதை நிறுத்திவிட்டார். கண்ணாடி இல்லாமல் அவருக்குத் தூரத்தில் எதுவும் தெரியாது. பவர் எனக்குத்தான் தெரியுமே.

"அங்க யாரு கை?" என்றார்.

"அம்மா இருக்கையிலேர்ந்து ஒரு கை உயர்ந்திருக்கு, ஐயா" என்றார் செயலாளர்.

தலைவர் அவசரமாகக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார். "யோவ், இது கண்ணாடிக் கடைக்காரர்! இவரு உறுப்பினர் இல்லையே. வெளிய அனுப்புங்க!"

காவலர் நகர்ந்தார். செயலாளர் எழுந்து நின்றார். எப்போதும்போல மெதுவாகத்தான் பேசினார்.

"ஐயா, விதியில 'இருக்கையிலிருந்து கை உயர்ந்தால்'னுதான் இருக்கு. கை யாரோடதுன்னு பாக்கச் சொல்லல. இவரு உறுப்பினர் இல்லைன்னு நாம எழுதினா, அப்ப அந்த இருக்கையில உறுப்பினரே இல்லைன்னு ஆயிடும். உறுப்பினர் இல்லைன்னா, எல்லாரும் வந்திருந்தாங்க, எல்லாரும் சம்மதிச்சாங்கன்னு நாம எழுதின அத்தனை தீர்மானமும் அடிபட்டுப் போயிடும்."

"போனாப் போகட்டும்!"

"உங்களுக்குப் புது வண்டி வாங்கின தீர்மானமும் அதுல இருக்கு, ஐயா."

தலைவர் உட்கார்ந்தார். கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு அதே கைக்குட்டையால் கண்ணாடியையும் துடைத்தார்.

"அம்மா ஆட்சேபிக்கிறாங்க" என்று செயலாளர் சொல்லிக்கொண்டே எழுதினார். "தள்ளிவைக்கப்பட்டது. அம்மா, கைய எறக்கிடலாம்."

அம்மா என்று சொன்னது என்னைத்தான் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

சந்தையில் அன்று எனக்கு ராஜ மரியாதை. வெங்காயக்காரம்மா ஒரு பை நிறைய வெங்காயத்தைத் திணித்தார். "யாரு உக்காந்தாலும் செல்லும்னா, இனி நாங்க ஆளுக்கொரு கூட்டம்னு முறை போட்டுக்கறோம்ணே. நீங்க கடையப் பாருங்க" என்றார். இந்தப் பேச்சு சாயங்காலத்துக்குள் தலைவர் காதுக்குப் போய்விட்டது.

இரண்டு நாள் கழித்து அவரே என் கடைக்கு வந்தார். கூடவே துணைத்தலைவர். இருவரும் தோள்மேல் கை போட்டுக்கொண்டு வந்ததைப் பார்த்ததும் நான் எழுந்து நின்றுவிட்டேன்.

"உங்க மனுவப் படிச்சேன்" என்றார் தலைவர். கண்கலங்கியிருந்தார். "என்ன ஒரு எழுத்து! 'அவளை இறந்தவளாக ஏற்று, நிம்மதியாக இருக்கவிட வேண்டும்'. எங்களுக்கே தொண்டை அடைச்சிடுச்சு. இத்தனை நாள் அவங்கள நாங்க உக்கார வச்சே கஷ்டப்படுத்தியிருக்கோம். அடுத்த கூட்டத்துல உங்க மனுவையே தீர்மானமாக் கொண்டு வரோம். உங்க வார்த்தையில, ஒரு எழுத்துகூட மாத்தாம."

"இருக்கைக்கு யாரு?" என்று கேட்டேன்.

"மச்சான் உக்காருவாரு. சம்பந்திக்கு ஊத்து கட்டற வேலை. எல்லாம் பேசி முடிச்சாச்சு. குடும்பத்துல ஒத்துமை வேணும், இல்லையா?" என்று துணைத்தலைவர் சொன்னார்.

"உங்க வேண்டுகோளத்தானே நிறைவேத்தறோம். நீங்களே வந்து ஆட்சேபிக்க மாட்டீங்களே?" தலைவர் சிரித்தார். போகும்போது கண்ணாடியின் திருகு லூசாக இருப்பதாகச் சொல்லி முறுக்கித் தரச் சொன்னார். முறுக்கிக் கொடுத்தேன்.

மகளிடம் சொன்னேன். 

"அப்பா, ஒண்ணு சொல்லட்டுமா? அம்மாவ விட்டுடுங்கப்பா. போதும். எனக்கு ஆபீஸ்ல யாராச்சும் அம்மா எப்படி இருக்காங்கன்னு கேட்டா, என்ன சொல்றதுன்னே தெரியல. இறந்துட்டாங்கன்னு ஒரு தடவ சொல்லி முடிச்சுடணும்ப்பா. நீங்க அந்த நாற்காலியில போய் உக்காந்தா, மாசாமாசம் அம்மாவ எழுப்பி எழுப்பிக் கூட்டிட்டு வர மாதிரி இருக்கு."

"சரிம்மா" என்றேன்.

அவள் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது. காலையில் கடைக்குக் கிளம்பும்போது யாரும் எதற்கும் சண்டை போடாத வீட்டைப் பூட்டிக்கொண்டு போவதற்கு நான் மெல்ல மெல்லப் பழகிக்கொண்டிருந்தேன். இனி ஒவ்வொரு கூட்டத்துக்கும் என்னை அம்மா என்று கூப்பிடுவார்கள். நானும் ஏன் என்று திரும்பிப் பார்ப்பேன். ஒரு மனிதன் எத்தனை நாள் அப்படிப் போய் உட்கார முடியும்?

கூட்டத்துக்குப் போனேன். எங்கே உட்காருவது என்று வாசலில் நின்று சற்றுத் தயங்கினேன். காவலர் தடுப்பின் கதவைத் திறந்துவிட்டு, "வாங்கம்மா" என்றார். அவர் கேலி செய்யவில்லை. அவருக்கு அப்படித்தான் உத்தரவு. போய் அவளுடைய நாற்காலியில் உட்கார்ந்தேன். பார்வையாளர் பகுதியில் வெங்காயக்காரம்மா தனியாக உட்கார்ந்திருந்தார். என்ன செய்யப் போகிறேன் என்று அவர் கேட்கவில்லை. தலையில் போட்டிருந்த துண்டைக்கூட எடுக்காமல், சந்தையிலிருந்து அப்படியே எழுந்து வந்திருந்தார்.

முதல் வரிசை ஓரத்தில் மச்சான் புதுச் சட்டையில் நின்றுகொண்டிருந்தார். நான் எழுந்ததும் உட்காருவதற்குத் தயாராக.

"வராதவங்க யாராச்சும் இருக்கீங்களா?" என்று செயலாளர் கேட்டார். யாரும் இல்லை.

தலைவர் எழுந்தார். என்னை நேராகப் பார்த்துப் பேசினார்.

"இந்த மன்றம் இன்னிக்கி ஒரு துயரச் செய்திய உறுதி செய்யப் போகுது. நம்ம அன்புக்குரிய உறுப்பினர், ஆட்சேபணை அம்மா, நம்மள விட்டுப் பிரிஞ்சுட்டாங்க." ஒரு நிமிடம் நிறுத்தினார். "அவங்க வீட்டுக்காரரே உருக்கமாக் கேட்டுக்கிட்டதால இந்தத் தீர்மானத்தக் கொண்டு வரோம். அம்மா இறந்துட்டாங்க. இருக்கை காலி. ஆட்சேபணை உண்டா?"

கண்ணாடியைக் கழற்றினார். கைக்குட்டையை எடுத்தார். முதலில் இடது பக்கம், பிறகு வலது பக்கம். நான் விற்ற கண்ணாடி. துடைப்பதற்கு அதில் ஒன்றுமே இல்லை.

நான் கையைத் தூக்கினேன். இந்த முறை இன்னொரு கையால் பிடித்துக்கொள்ளவில்லை.

"அம்மா ஆட்சேபிக்கிறாங்க" என்றார் செயலாளர்.

"எதுக்கு ஆட்சேபிக்கிறாங்க?" தலைவர் கத்தினார். "இவரு எழுதினதுய்யா அது! இவரு கையெழுத்துப் போட்ட மனு! இறந்துட்டாங்கன்னு இவருக்குத் தெரியாதா?"

"காரணம் சொல்லத் தேவையில்ல, ஐயா. கை போதும்." செயலாளர் குனிந்து எழுதத் தொடங்கினார். "உறுப்பினர் தாம் இறந்துவிட்டதாகக் கூறும் தீர்மானத்தை ஆட்சேபிக்கிறார். அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைக்கப்பட்டது. அம்மா, கைய எறக்கிடலாம்."

நான் உடனே இறக்கவில்லை.

அவள் போன அன்று மருத்துவமனையில் ஒரு இளம் டாக்டர் அறையிலிருந்து வெளியே வந்து என்னிடம் சொன்னார். சொல்லிவிட்டு, நான் தலையாட்டும்வரை காத்திருந்தார். ஆட்சேபணை உண்டா என்று அங்கே யாரும் கேட்கவில்லை.